பாபிலோனின் முத்தும் கொற்கையின் கரையும்

வெளிப்படுத்தின விசேஷம் பதினெட்டாம் அதிகாரத்தில், பாபிலோனின் வீழ்ச்சியைக் கண்டு வர்த்தகர் புலம்புகின்றனர். அவர்தம் சரக்குப் பட்டியல் (18:12, 13) பொன்னில் தொடங்கி மனித உயிர்களில் முடிகின்றது. அதில் நான்காவதாக நிற்பது முத்து. தாமிரபரணிக் கரையில் ஊழியம் செய்யும் நாம் இச்சொல்லை எளிதாகக் கடந்து செல்லலாகாது.

பாபிலோன் என்பது ஈண்டு உரோமாபுரியைக் குறிக்கும் மறைபெயர் என்பது அறிஞர் பலரின் கருத்து. உரோமரின் முத்து பல கடல்களிலிருந்து சென்றது. அவற்றுள் ஒன்று நம் கடல். தாமிரபரணியின் முகத்துவாரத்தில் அந்நாளில் விளங்கிய கொற்கையைப் பற்றி, முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடற்பயண நூல் கூறுகின்றது. பாண்டியரின் ஆட்சிக்குட்பட்ட அவ்விடத்தில் முத்துக்குளிப்பில் ஈடுபடுத்தப்பட்டோர் தண்டனை பெற்ற கைதிகள் என்பது அந்நூல் தரும் செய்தி. முத்தைக் கூறி மனித உயிரில் முடியும் யோவானின் பட்டியல் வெறும் கற்பனையன்று என்பதற்கு இதுவே போதிய சான்று.

மூத்த பிளினி, இந்தியாவும் சீனமும் அரேபியாவும் ஆண்டுதோறும் பத்துக் கோடி செஸ்டர்ஸ் பணத்தை உரோமையிடமிருந்து ஈர்த்துக்கொள்வதாக வருந்தி எழுதினார். அவருடைய மருமகனான இளைய பிளினி, ஏறக்குறைய கி.பி. 112இல் பித்தினியா நாட்டு ஆளுநராயிருந்து, கிறிஸ்தவர்களைக் குறித்து டிராஜன் பேரரசனுக்கு மடல் வரைந்தார். இராயனுடைய உருவத்தின்முன் தூபமும் திராட்சரசமும் படைத்துக் கிறிஸ்துவைப் பழித்தோரை அவர் விடுதலை செய்தார். மறுத்து உறுதியாய் நின்றோரைத் தண்டித்தார். மாமன் கணக்கிட்டது பேரரசின் செல்வத்தை. மருமகன் கேட்டது அதற்குரிய வழிபாட்டை.

அங்ஙனமாயின் ரோமர் 13ஆம் அதிகாரத்தை யாது செய்வது? ஏறக்குறைய கி.பி. 57இல், நீரோவின் ஆட்சித் தொடக்கக் காலத்தில், பவுல் அதனை எழுதினார். அதிகாரியை அவர் தேவனுடைய ஊழியக்காரன் என்கின்றார். ஊழியக்காரன் எனில் அவனுக்கு மேல் ஓர் எஜமான் உண்டு. இது அதிகாரத்துக்கு அளிக்கப்பட்ட மதிப்பு மட்டுமன்று, அதற்கு இடப்பட்ட எல்லையுமாகும். எல்லை மீறிய அதிகாரமே வெளிப்படுத்தல் 13இல் மிருகமாகக் காட்சியளிக்கின்றது. ஆதித் திருச்சபை இவ்விரு குரல்களையும் ஒருங்கே காத்துக்கொண்டது. முதல் நூற்றாண்டின் இறுதியில் உரோமையிலிருந்து கொரிந்துவுக்கு எழுதப்பட்ட கிளமெந்தின் நிருபம் ஆளுவோருக்காக ஜெபிக்கின்றது. சிமிர்னாவின் போலிக்கார்ப்பும் அதிகாரிகளுக்குரிய கனத்தை மறுக்கவில்லை. இராயனைக் கர்த்தர் என அறிக்கையிடுவதையே மறுத்து உயிர் நீத்தார். இராயனுக்காக ஜெபிப்பது வேறு. இராயனை நோக்கி ஜெபிப்பது வேறு.

இப்பாடம் நெல்லைத் திருச்சபைக்கு இரட்டிப்பாக உரியது. நம் முன்னோர் சுவிசேஷத்தைக் கேட்டது கும்பெனியின் ஆட்சிக் காலத்தில். 1947 வரை ஆங்கிலத் திருச்சபையின் ஜெபப் புத்தகத்தின்படி ஆங்கில மன்னருக்காக ஜெபித்து வந்தனர். எனினும் இம்மண்ணில் மாற்றுக் குரல்களும் எழாமலில்லை. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர், ஆங்கிலத் திருச்சபையின் ஒழுங்குகளைக் குறைகூறியதன் விளைவாக 1835இல் தம் மிஷனரிச் சங்கத்தினின்று விலக்கப்பட்டார். 1857இல் நாசரேத் வட்டாரத்தில் சட்டம்பிள்ளை, மிஷனரிமாரின் ஆளுகையினின்று பிரிந்து தனிச் சபை கண்டார். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1910இல் எடின்பரோ மாநாட்டில், மிஷனரிமார் எஜமானராயன்றி நண்பராய் வரவேண்டுமென வேண்டினார். அவர்கள் ஒவ்வொருவரும் எழுப்பிய வினா ஒன்றே: கிறிஸ்துவின் சபையில் கர்த்தர் யார்?

அயல்நாட்டு மன்னர் அகன்றுவிட்டார். ஆயினும் வினா அகலவில்லை. இன்று நிலமும் நிறுவனங்களும் நம் கைகளிலேயே உள்ளன. ரோமர் 13ஐ மட்டும் பிரசங்கித்து வெளிப்படுத்தல் 13ஐ மூடிவைக்கும் போதகர், தம்மையறியாமலே தூபகலசத்தை ஏந்துகின்றார். வெளிப்படுத்தலை மட்டும் முழங்குவோரோ, மிருகம் எப்போதும் பிறரிடமே உண்டென எண்ணி ஏமாறுகின்றனர். கொற்கையில் முத்தை அணிந்தோரும் அதற்காக மூழ்கினோரும் வேறு வேறானவர். நம் சபைகளின் சிறப்புக்காக மூழ்குவோர் யார், அவர்தம் பெயர் நம் ஜெபங்களில் இடம்பெறுகின்றதா என்று ஆராய்வதே இவ்வேதபகுதிக்கு நாம் செய்யத்தக்க நேரிய விளக்கவுரையாகும்.