தாய் வயிற்றில் விரல்கள் உருவாகும் விதம்

பால்மரம் சீவும் உளியைப் பிடிப்பதற்கும், பூத்தொடுப்பதற்கும், எழுதுவதற்கும் நம் விரல்களே துணை. அவ்விரல்களுள் ஒன்று கூடியோ குறைந்தோ ஒரு குழந்தை பிறந்துவிட்டால், கிரகணத்தன்று தாய் வெளியே சென்றதே காரணம் என்று அவள்மீது பழி சுமத்தும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாக மறையவில்லை. இதில் உண்மை என்ன என்பதை நாம் அறிந்துகொள்வது அவசியம்.

கருவின் நான்காம் வாரத்தில் கைகள் சிறு மொட்டுகளாக அரும்புகின்றன. கையாயினும் கண்ணாயினும், அங்குள்ள உயிரணுக்களில் இருப்பவை ஒரே மரபணுக்களே. எந்த மரபணு எவ்விடத்தில், எப்போது இயங்க வேண்டும் என்பதில்தான் வேறுபாடு உள்ளது. விளக்குகளுக்கு விசைகள் இருப்பதுபோல், மரபணுக்களை இயக்கவும் நிறுத்தவும் விசைகள் உள்ளன.

‘சோனிக் ஹெட்ஜ்ஹாக்’ என்னும் மரபணு, கை மொட்டில் சுண்டுவிரல் பக்க ஓரத்தில் மட்டுமே இயங்குகிறது. அதன் புரதம் அங்கிருந்து பரவி, விரல்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் வகுக்கிறது. வியப்பு யாதெனில், இதன் விசை ஏறத்தாழ 10 இலட்சம் மரபெழுத்துகளுக்கு அப்பால், வேறொரு மரபணுவினுள் இருக்கிறது. எடின்பரோ நகர அறிஞர்கள் இதனை 2003ஆம் ஆண்டில் விளக்கினர். அவ்விசையில் ஓர் எழுத்து மாறினாலும், மரபணு கட்டைவிரல் பக்கத்திலும் இயங்கி, கூடுதல் விரல் முளைக்கக்கூடும். இம்மாற்றம் தந்தை வழியாகவும் வரலாம்.

மரபணுவில் குறையில்லாதபோதும், மருந்து இவ்வேலையைக் கெடுக்கக்கூடும். 1957ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த ‘தாலிடோமைடு’ மருந்தால், பல நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் ஊனத்துடன் பிறந்தன. 1961இல் அம்மருந்து அங்கு மீட்டுக்கொள்ளப்பட்டது. கை கால் வளர்ச்சிக்கான மரபணுக்களை இயக்கும் ‘சால்4’ என்னும் புரதத்தை அது அழிக்கிறது என்பது 2018இல்தான் தெரியவந்தது.

அம்மருந்துக்கு நன்மையும் உண்டு. நம் கிள்ளான் பள்ளத்தாக்கில், 1930இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பின் ஆராய்ச்சிப் பிரிவில், தொழுநோயாளிகளுக்கு உண்டாகும் கடும் எதிர்விளைவைத் தணிக்க அது சோதிக்கப்பட்டது. அதன் முடிவுகள் 1971இல் வெளிவந்தன. இன்றும் தொழுநோய் எதிர்விளைவுக்கும் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கும் அது பயன்படுகிறது. ஆனால் கர்ப்பிணிகள் அதனை அறவே உட்கொள்ளலாகாது.

அம்மருந்து கருவைத் தாக்கும் காலம், கருவுற்ற பின் ஏறத்தாழ 20 முதல் 36 நாள்கள். தாம் கருவுற்றிருப்பதையே பல பெண்கள் அறியாத காலம் அது! ஆகவே மாதவிலக்குத் தள்ளிப்போனால் உடனே சுகாதார நிலையத்தை நாட வேண்டும். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைத்தெருக்களில் வாங்கும் நாட்டு மருந்தாயினும், மருத்துவரைக் கேளாமல் உண்ணலாகாது. முன்பே உண்டுவரும் மருந்தைத் தாமாக நிறுத்துவதும் தவறு.

கூடுதல் விரலை வீட்டில் நூலால் கட்டி அறுக்க முயல வேண்டாம். மருத்துவர் அதனைப் பாதுகாப்பாக அகற்றுவார். கிரகணம் விரலை மாற்றுவதில்லை. தாயைப் பழிப்பதை விடுத்து, அவளுக்குத் துணைநிற்பதே நம் கடமையாகும்.