கருத்துக் கொள்கையும் கடவுள் நம்பிக்கையும்

புதுக்கால மேலைநாட்டு மெய்யியல் இறையியலை உதறிவிட்டுப் பிறந்தது எனப் பலர் எழுதுவர். 17-ஆம் நூற்றாண்டின் அறிவுக் கொள்கைகளை உற்று நோக்கின், இக்கூற்று பொருந்தாது எனக் காண்போம்.

'ஐடியா' என்னும் சொல்லே இதற்குச் சான்று. பிளேட்டோ இச்சொல்லால் என்றுமுள்ள மூலவடிவங்களைக் குறித்தார். அகுஸ்தீன் அவற்றைப் படைப்பாளரின் உள்ளத்திலுள்ள மாதிரிகளாகக் கொண்டார். 1641-இல் 'தியானங்கள்' என்னும் நூலை வெளியிட்ட டேக்கார்ட், தெய்வ உள்ளத்தின் அறிதலுக்கு மெய்யியலார் வழங்கிய சொல் என்பதாலேயே இதனைத் தாம் தெரிந்துகொண்டதாக ஹாப்சுக்கு விடையளித்தார். கடவுளுக்குரிய சொல் இவ்வாறு மனிதனுக்கு உரியதாயிற்று.

இம்மாற்றம் ஒரு சிக்கலையும் உடன் கொணர்ந்தது. கடவுளின் கருத்துப்படியே பொருள்கள் உண்டாயின. ஆதலின் கருத்தும் பொருளும் ஒத்துள்ளனவா என்னும் வினா அங்கு எழாது. மனிதனோ எதையும் தன் கருத்தால் உண்டாக்குபவன் அல்லன். அவனுடைய கருத்து உலகத்தோடு ஒத்துள்ளது என்பதற்கு யார் பிணை? வஞ்சியாத கடவுளே பிணை என்றார் டேக்கார்ட். அங்ஙனமாயின் பிழை எங்கிருந்து வருகிறது? அறிவு எல்லையுடையது, சித்தம் அவ்வெல்லையைத் தாண்டித் தீர்ப்பளிக்கையில் பிழை பிறக்கிறது என அவர் விளக்கினார். தீமைக்குக் கடவுள் காரணரல்லர், சித்தத்தின் தவறான பயனே காரணம் என்னும் அகுஸ்தீனின் போதனை, இங்கே பிழையின் விளக்கமாக மீண்டும் தோன்றுவதைக் காண்கிறோம்.

பின்வந்தோரும் இதே தளத்தில் நின்றனர். நாம் யாவற்றையும் கடவுளிலேயே காண்கிறோம் என்றார் மாலபிராஞ்ச். கருத்து என்பது உள்ளத்தின் செயலே என 1683-இல் அர்னோ அவரை மறுத்தார். 1689-இல் வெளிவந்த தம் கட்டுரையில் லாக், நம் கடமைகளுக்குப் போதிய ஒளியைப் படைத்தவர் தந்துள்ளார் என்றார். மனித ஆவியைக் கர்த்தரின் விளக்காகக் கூறும் நீதிமொழிகள் 20:27 அவர் சிந்தனையில் ஒலிக்கிறது. புலன்வழிக் கருத்துகளைக் கடவுளே நம்மில் எழுப்புகிறார் என 1710-இல் பார்க்லி வாதிட்டார்.

1748-இல் ஹியூம் இவ்வடித்தளத்தையே தாக்கினார். உலகையே ஐயுற்றபின், கடவுள் உண்டென நிறுவச் சான்று எங்கே கிடைக்கும் என்று அவர் கேட்டார். இவ்வினாவின் வலிமையை நாம் மறைத்தலாகாது. வாதத்தின் முடிவாக மட்டும் வருவிக்கப்பட்ட கடவுள், வாதம் தளர்ந்தவுடன் தள்ளப்படுவார். படைப்பின் போதனையோ வாதத்தின் முடிவன்று. நம் அறிவையே கொடையாகப் பெறும் தொடக்கம். எனவே, மெய்யியல் பயிலும் மாணவர்க்கு இக்கொள்கைகளை அவற்றின் இறையியல் வேர்களோடு கற்பித்தல் நம் கடனாகும்.