இசப்கோல் உமியும் குடலின் ஆரோக்கியமும்

குடலில் ரண சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு மலம் இறுகாமலும் மிதமிஞ்சி இளகாமலும் இருக்கும்பொருட்டு வைத்தியர்கள் கொடுக்கும் நார்ச்சத்துப் பொருள்களுள் இசப்கோல் உமி முக்கியமானது. இது வயலில் விளையும் பண்டம். குஜராத்தின் வட பாகத்திலும், ராஜஸ்தானத்தின் மேற்கு ஜில்லாக்களிலும், மத்தியப் பிரதேசத்திலும் குடியானவர்கள் இதைச் சாகுபடி செய்கிறார்கள். குஜராத்திலுள்ள உஞ்ஜாவும் சித்பூரும் இவ்வியாபாரத்துக்குப் பெயர்போனவை. அயல் தேசங்களுக்கு இவ்வுமியை மிகுதியாய் அனுப்புவது இந்தியாவே.

இப்பயிருக்கு வடிகாலுள்ள மணற்பாங்கான நிலமும், குளிர்ந்த வறண்ட பருவமும் வேண்டும். நவம்பர் மாதத்தில் ஹெக்டேருக்கு 4 முதல் 8 கிலோ வரை விதைப்பர். விதை மிகச் சிறிதாகையால் மணலுடன் கலந்து தூவி, துடைப்பத்தால் மேலாகக் கூட்டி மண் மூடச் செய்வர். ஏறக்குறைய 4 மாதத்தில் கதிர் முற்றும். அச்சமயத்தில் ஒரு மழை பெய்தாலும் விதையின் மேலுறை நீரை உறிஞ்சி உப்ப, விதைகள் உதிர்ந்து மகசூல் பெரிதும் நஷ்டமாகும். தப்பிய விதையை இயந்திரத்திலிட்டு உமியைப் பிரிக்கின்றனர். விதையின் எடையில் சுமார் நாலில் ஒரு பங்கே உமியாகும்.

குடியானவருக்கு நஷ்டம் விளைவிக்கும் இக்குணமே வியாதியஸ்தருக்கு உதவுகிறது. உமி குடலில் நீரை ஏற்றுக் கூழாகி, கடின மலத்தை மிருதுவாக்கும். நீராய்ப் போகும் மலத்தைத் திரட்டும். முக்குதல் குறைவதால் ஆறிவரும் பாகத்துக்கு வருத்தம் குறையும். ஆயினும் தையலிட்ட இடத்தை ஆற்றுவது சரீரமேயன்றி உமியன்று.

இக்குணத்தினால் தீங்கும் நேரக்கூடும். ரண சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் குடல் வீங்கி வழி குறுகியிருக்கலாம். அப்போது உப்பும் பொருளை உட்கொண்டால் அடைப்பு உண்டாகலாம். ஆகையால் அந்நாட்களில் நார் குறைந்த ஆகாரமே பெரும்பாலும் விதிக்கப்படும். மூலத்துக்குச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கோ உமியைச் சீக்கிரமே கொடுப்பதுண்டு. ஆகவே ஒருவருக்குச் சொன்னதை மற்றொருவர் கைக்கொள்ளலாகாது.

வைத்தியர் அநுமதித்த பின்னரே சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாய்க் கூட்டுதல் வேண்டும். ஒவ்வொரு வேளையும் உமியை ஒரு பெரிய டம்ளர், அதாவது சுமார் 240 மில்லி லிட்டர் நீரில் கலந்து உடனே பருக வேண்டும். உலர்ந்த உமியை விழுங்கினால் தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். வயிறு உப்பி, வாந்தியெடுத்து, மலமும் வாயுவும் பிரியாதிருந்தால் உமியை நிறுத்தி, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

ரண சிகிச்சை முடிந்து ஊர் திரும்புவோர் அக்கம்பக்கத்தார் யோசனையைக் கேட்டு உமியைத் தொடங்காதிருக்கும்படி கிராம உத்தியோகஸ்தர்களும் நிலச்சுவான்தார்களும் எடுத்துச் சொல்வது நலம். காலமறியாமல் பெய்யும் மழை பயிரைக் கெடுப்பதுபோல, காலமறியாமல் உட்கொள்ளும் உமியும் குடலுக்குக் கேடாகும்.