பழைய புல்லட் மோட்டார் சைக்கிளும் அதன் கோளாறுகளும்

விடியற்காலையில் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு குளிரூட்டும் நிலையத்திற்குச் செல்ல வேண்டிய மோட்டார் சைக்கிள் கிளம்பாமற் போயின், அதனால் விளையும் நஷ்டம் வண்டிக்குரியவருடையது மட்டுமன்று. கறந்த பால் நம் நாட்டு வெயிலில் சில மணி நேரத்தில் திரிந்துவிடும். கேனில் பால் ஊற்றிய வீடுகள் அனைத்தும் அந்த நஷ்டத்தில் பங்கு பெறுகின்றன. அதன் மேலும், கோளாறு இன்னதென்று அறியாமல் பட்டறைக்குத் தள்ளிச் செல்லப்பட்ட வண்டிக்குத் தேவையற்ற சாமான்கள் மாற்றப்பட்டு வீண் செலவு ஏற்படுவதும் உண்டு. ஆதலால், பழைய வண்டியைக் கையாளும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் அதன் யந்திர இயல்பைச் சிறிதேனும் அறிந்திருத்தல் அவசியம்.

இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது 350 புல்லட் எனப்படும் வண்டி. இங்கிலாந்தில் ரெட்டிட்ச் என்னும் ஊரில் தோன்றிய இவ்வண்டி, இந்திய இராணுவத்தின் தேவையை முன்னிட்டு 1955ஆம் ஆண்டு முதல் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கிற்று. அதன் சிலிண்டரின் உள் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். வார்ப்பிரும்பு சிலிண்டருடைய அந்தப் பழைய யந்திரம் நெடுங்காலம் பெரிய மாறுதலின்றிச் செய்யப்பட்டு வந்தமையால், முப்பது நாற்பது ஆண்டு வயதுடைய வண்டிகளுங்கூட இன்றும் ஓட்டத்தில் இருக்கின்றன. வார்ப்பிரும்பு யந்திரத்திற்குரிய முறைகளே கீழே கூறப்படுவன. பிற்காலத்து அலுமினிய யந்திரங்களுக்கு இவை யாவும் பொருந்தா.

யந்திரம் ஓடுவதற்கு மூன்று பொருந்த வேண்டும். அளவான பெட்ரோலும் காற்றும் கலந்து உட்செல்ல வேண்டும். அக்கலவை நன்கு அழுத்தப்பட வேண்டும். அழுத்தம் முடியுந் தறுவாயில் பிளக்கில் பொறி எழ வேண்டும். கிளம்பாத வண்டியில் இம்மூன்றில் ஒன்று குறைந்திருக்கிறது என்பது நிச்சயம். எது குறைந்தது என்று பார்ப்பதற்கு முன் எதையும் கழற்றலாகாது. ஒரே சமயத்தில் இரண்டு இடங்களைத் திருத்தவுங் கூடாது. இரண்டைத் திருத்தியபின் வண்டி ஓடினால், எது நோய், எது மருந்து என்பது கடைசி வரை விளங்காது.

முதற்கண் உதைக்கும் முறையைக் கூறுதல் பொருத்தம். ஏனெனில் கோளாறு என்று கருதப்படுவனவற்றுள் பல உதைப்பவருடைய பழக்கத்தினின்று தோன்றுவனவே. பெட்ரோல் குழாயைத் திறந்து, கியரை நியூட்ரலில் வைத்து, சாவியைத் திருப்பியபின், கிக்கரைக் காலால் மெல்ல அழுத்த வேண்டும். முகப்பிலுள்ள அம்மீட்டரின் முள் ‘குறை’ பக்கம் சாய்ந்து நின்று, பின் நடுவுக்குத் திரும்பும். அவ்வாறு திரும்பும் இடத்தில் பிஸ்டன் உச்சியை நெருங்கியிருக்கிறது என்று கொள்க. அப்பொழுது டிகம்ப்ரஷர் பிடியை இழுத்து, கிக்கரை மேலும் சற்றே இறக்கி, பிடியை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட வேண்டும். பின்பு முழுப் பாரத்துடன் அடி வரை ஒரே மூச்சில் உதைக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரைத் திருகுதல் வேண்டா. யந்திரம் குளிர்ந்திருந்தால் மட்டும் சோக்கை உபயோகிக்கலாம். வெறுங்காலுடன் உதைத்தல் ஒருபோதும் தகாது.

மேற்சொன்ன அம்மீட்டர் முள் உதைப்பதற்கு மட்டும் உதவுவதன்று. மின்சாரப் பகுதியின் நாடி அதுவே. பேட்டரியினின்று வரும் மின்சாரம் அம்மீட்டர், சாவி, காயில் இவற்றின் வழியாகப் பாயிண்டை அடைகிறது. பாயிண்ட் மூடியிருக்கையில் மின்சாரம் பாய்வதால் முள் சாயும். பாயிண்ட் திறந்தவுடன் ஓட்டம் அறுபட்டு முள் நடுவுக்கு வரும். அக்கணமே காயிலில் உயர்ந்த மின்னழுத்தமுடைய மின்சாரம் உண்டாகிப் பிளக்கில் பொறியாகின்றது. இதை மனத்திற் கொண்டு கிக்கரை மெல்ல மெல்ல அழுத்தி முள்ளைக் கவனித்தால், திருப்புளியைத் தொடாமலே பெரும்பான்மையான செய்தி கிடைத்துவிடும். முள் அசையவே இல்லையெனில் மின்சாரம் வரவில்லை. பேட்டரி தீர்ந்திருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம், ஒரு கம்பி விட்டிருக்கலாம், அல்லது பாயிண்ட் முகங்களில் எண்ணெயும் அழுக்கும் படிந்து தொடாமலிருக்கலாம். முள் சாய்ந்தபடியே நின்று மீளாவிடில், பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது காயிலுக்கும் பாயிண்டுக்கும் இடையேயுள்ள கம்பியோ கண்டென்சரோ உடற்பாகத்தில் பட்டு மின்சாரத்தைக் கசியவிடுகிறது. முள் ஒழுங்காகச் சாய்ந்து மீண்டும் பொறி வாராவிடில், காயில், கண்டென்சர், தடித்த பிளக் கம்பி, பிளக் இவற்றைப் பார்க்க வேண்டும்.

பொறியைப் பார்ப்பது எளிது. பிளக்கைக் கழற்றி, அதன் கம்பியை மாட்டி, பிளக்கின் இரும்புப் பாகம் சிலிண்டர் தலையில் நன்கு படும்படி வைத்து, கிக்கரை உதைக்கச் செய்க. நீல நிறத்தில் கொழுத்த பொறி தெறித்தால் நலம். மெலிந்த செம்பொறி போதாது. பிளக்கைக் கையாற் பற்றிக்கொண்டு பார்த்தால் அதிர்ச்சி உண்டாகும். பெட்ரோல் சிந்திய இடத்திலும், பிளக் துவாரத்தின் அருகிலும் பொறி பார்த்தல் பேராபத்து. துவாரத்தினின்று வெளிவரும் ஆவி பற்றிக்கொள்ளும்.

பாயிண்ட், யந்திரத்தின் வலப்புறத்தில் வட்ட மூடிக்குள் இருக்கிறது. அது முழுதும் திறந்த நிலையில் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம் வரை இருத்தல் வேண்டும். பிளக்கின் இடைவெளி சுமார் 0.020 அங்குலம். ஃபில்லர் கேஜ் எனப்படும் தகடுகளின் விலை சொற்பம். ஆயினும் அதைக் கண்ணால் மதிப்பிடும் பட்டறைக்காரர் அநேகர். கண்ணளவு இங்கே தீங்கு செய்யும். பாயிண்ட் இடைவெளி கூடினால் பொறி சீக்கிரம் எழும். கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். பாயிண்டின் குதி தேய்ந்து இடைவெளி குறைந்தால் பொறி தாமதமாகும்; வண்டி சோம்பி, யந்திரம் அதிகமாகச் சூடேறும். இடைவெளி சரியாயிருந்தும் கிக்கர் திருப்பி அடிக்குமாயின், பாயிண்டின் அடியிலுள்ள தானியங்கி எடைகளின் சுருள்கள் தளர்ந்தோ, எடைகள் விரிந்தபடி சிக்கியோ இருக்கும். முகங்கள் குழி விழுந்திருப்பின் மெல்லிய அரத்தால் சமமாக்கி, தூய துணியால் துடைக்க வேண்டும். மணல் உதிரும் உப்புத்தாள் உகந்ததன்று.

பெட்ரோல் பகுதிக்கு வருவோம். பலமுறை உதைத்தபின் பிளக்கைக் கழற்றினால் அது உலர்ந்தோ நனைந்தோ இருக்கும். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. குழாயின் வலையிலோ, கார்புரேட்டரின் சிறு ஜெட்டிலோ அடைப்பு இருக்கும். ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்யலாம்; ஊசியால் குத்தினால் துவாரம் பெருகி, வண்டி என்றைக்கும் அதிகமாகப் பெட்ரோல் குடிக்கும். நனைந்திருந்தால் பெட்ரோல் மிஞ்சிவிட்டது. குழாயையும் சாவியையும் அடைத்து, சோக்கை நீக்கி, ஆக்ஸிலேட்டரை முழுதும் திறந்து, ஐந்தாறு முறை உதைத்து உள்ளிருப்பதை வெளியேற்றிய பிறகு, பிளக்கைத் துடைத்து மாட்டுக.

அண்மைக் காலத்தில் தோன்றிய இடர் ஒன்றும் உண்டு. இந்தியாவில் பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் 2022இல் நூற்றுக்குப் பத்துப் பங்கையும், 2025இல் இருபது பங்கையும் எட்டிற்று. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து டாங்கியின் அடியில் தங்கி, முதலில் கார்புரேட்டருக்குள் இறங்கும். பழைய ரப்பர் வளையங்களும் குழாய்களும் இதனால் உப்பி இளகுகின்றன. மழைக்காலத்தில் பல நாள் நின்ற வண்டி கிளம்பாவிடின், கார்புரேட்டரின் கீழ்க் கிண்ணத்தைக் கழற்றி, அதிலுள்ளதைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றிப் பார்க்க வேண்டும். அடியில் வேறொரு படலம் தெரிந்தால், டாங்கியின் அடியிலுள்ளதையும் வடித்துவிடல் வேண்டும்.

அழுத்தக் குறைவைக் காலே அறிவிக்கும். கிக்கர் தடையின்றிக் கீழே செல்லுமாயின், உடனே பிஸ்டன் வளையம் போயிற்று என்று கருதிச் சிலிண்டரைப் பிரிக்கக் கூடாது. டிகம்ப்ரஷர் கம்பி இறுகி, அதன் வால்வு சிறிது திறந்தபடி நிற்கிறதா என்று பார்க்க. கம்பியைத் தளர்த்தினாலே குறை தீர்ந்த வண்டிகள் உண்டு. அடுத்து டாப்பெட். யந்திரம் நன்கு குளிர்ந்திருக்கையில், பிஸ்டன் அழுத்த உச்சியில் நிற்க, வலப்புற மூடியைத் திறந்து புஷ் ராடுகளை விரலாற் சுழற்றிப் பார்க்க வேண்டும். தடையின்றிச் சுழலவும் வேண்டும். மேலுங்கீழும் ஆடவுங் கூடாது. சுழல மறுத்தால் வால்வு முழுதும் மூடவில்லை. அவ்வாறே ஓட்டினால் வால்வு கருகும்.

கிளம்பியும் வழியில் நிற்கும் வண்டிகள் வேறொரு வகை. சில மைல் ஓடி, திணறி நின்று, கால் மணி நேரம் கழித்துத் தானே கிளம்பும் வண்டியில் முதலில் டாங்கி மூடியைத் திறந்து பார்க்க. மூடியின் சிறு காற்றுத் துவாரம் தூசியால் அடைபட்டால் பெட்ரோல் இறங்காது. திறந்தவுடன் ‘உஸ்’ என்று காற்று உட்புகுமாயின் காரணம் அதுவே. மூடியைத் திறந்தும் பயனில்லாமல், சூடு தணிந்த பின்னரே கிளம்புமாயின் கண்டென்சர் மீது சந்தேகங் கொள்க. பாயிண்டில் வெண்பொறி பெரிதாகத் தெறிப்பது அதற்கு அடையாளம்.

இரவில் விளக்கைப் போட்டவுடன் யந்திரம் தடுமாறினால், பேட்டரியோ, அதற்கு மின்சாரம் ஏற்றும் பகுதியோ தளர்ந்திருக்கிறது. பகலில் விளக்கின்றி ஓடுகையில் அம்மீட்டர் முள் ‘கூட்டல்’ பக்கம் சிறிதும் செல்லவில்லையெனில், புதிய பேட்டரி வாங்கி மாட்டியும் பயனில்லை. அதுவும் சில நாளில் தீர்ந்துவிடும். பலரும் ஏமாறும் இடம் இது.

நெடுந்தூரம் ஓடியபின் பிளக்கின் முனையைப் பார்த்தல் நல்ல பழக்கம். இளம் பழுப்பு நிறம் சரியான கலவையைக் காட்டும். கரிபோற் கறுத்திருந்தால் காற்று வடிகட்டி அடைபட்டிருக்கும், அல்லது சோக் விலகாமல் நிற்கும். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. கார்புரேட்டர் சிலிண்டர் தலையோடு சேரும் இடத்தில் காற்று புகுகிறதா என்று மறைகளை இறுக்கிப் பார்க்க வேண்டும். வெளுத்த பிளக்குடன் பாரம் ஏற்றி ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிவிடக் கூடும். அச்செலவு மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிது.

உதவிப் பிளக் ஒன்று, பிளக் சாவி, ஃபில்லர் கேஜ், மெல்லிய அரம், துணி, ஒரு முழம் மின்சாரக் கம்பி ஆகியவற்றை வண்டிப் பெட்டியில் எப்பொழுதும் வைத்திருக்க வேண்டும். வண்டி ஒரு வாரத்திற்கு மேல் நிற்குமாயின், பெட்ரோல் குழாயை அடைத்து, யந்திரத்தை ஓடவிட்டுத் தானே நிற்கச் செய்தபின் நிறுத்துக.