நிமிர்ந்த முதுகும் நீண்ட வாழ்வும்

அன்று முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர் பிழைப்பதே அரிது. முதல் உலகப் போரில் அப்படிக் காயம்பட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளைக்கூடத் தாண்டவில்லை. அவர்கள் உயிரைக் குடித்தது முறிவல்ல. படுக்கைப் புண்ணும், சிறுநீர்ப்பையில் தொடங்கிச் சிறுநீரகம்வரை ஏறிய கிருமியும்தான். முதுகின் பின்பக்க எலும்பை வெட்டியெடுப்பதே அன்றைய அறுவை சிகிச்சை. ஏற்கெனவே தளர்ந்த முதுகு அதனால் இன்னும் தளர்ந்ததும் உண்டு.

1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பொறுப்பேற்ற லுட்விக் குட்மன் கத்தியை நம்பவில்லை. தலையணைகளை அடுக்கி முதுகை நேராக்கினார். எலும்பு கூடும்வரை வாரக்கணக்கில் படுக்கவைத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நள்ளிரவிலும், நோயாளிகளைத் திருப்பிப் போடச் செய்தார். சாவுக் கணக்கு இறங்கியது.

இன்று வாரக்கணக்கில் படுக்கவேண்டியதில்லை. 1963-ல் பாரிஸில் ரேமோன் ராய்-காமில், முள்ளெலும்பின் பின்புறத்துக் காம்புகள் வழியாகத் திருகாணிகளைச் செலுத்தி முதுகை நிலைநிறுத்தும் முறையைத் தொடங்கினார். மக்கள் பேச்சில் 'ஸ்குரூ, ராடு வைத்த ஆபரேஷன்' என்பது இதன் வளர்ச்சிதான். நோயாளி சில நாட்களில் உட்கார்ந்துவிடுகிறார். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் நசுங்கியிருந்தால், 24 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை நீக்குவது கூடுதல் பலன் தருவதாக 2012-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

ஆனால் இருபது ஆண்டுகள் கழித்து? அமெரிக்காவில், முதுகின் கீழ்ப்பகுதியில் முள்ளெலும்பு நொறுங்கியும் நரம்பு பாதிக்கப்படாத 47 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு அறுவை சிகிச்சை, மற்றதற்கு மாவுக்கட்டு அல்லது முதுகுப்பட்டை. 16 முதல் 22 ஆண்டுகளுக்குப் பின் தேடிப் பிடித்துக் கேட்டபோது, அறுவை சிகிச்சை இல்லாதவர்களே குறைந்த வலியோடும் கூடுதல் இயக்கத்தோடும் இருந்தார்கள். எக்ஸ்ரேயில் அவர்கள் முதுகு சற்றுக் கூடுதலாகவே வளைந்திருந்தது. சிறிய ஆய்வுதான். எலும்பு ஆட்டம் கண்டவர்களுக்கும் நரம்பு நசுங்கியவர்களுக்கும் இந்த முடிவு பொருந்தாது. ஆனாலும் படம் நேராக இருப்பதும் வாழ்க்கை நேராக இருப்பதும் ஒன்றல்ல என்பதை அது சொல்லிவிட்டது.

தண்டுவடம் முழுவதும் அறுபட்டால் அன்றும் மீட்சியில்லை, இன்றும் இல்லை. அப்படிப்பட்டவரின் ஆயுளை நீட்டித்ததில் திருகாணியைவிடச் சிறுநீர்க் குழாய்க்குப் பங்கு அதிகம். 1972-ல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ், நோயாளி தாமே சுத்தமான குழாயைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை செருகிச் சிறுநீரை வெளியேற்றலாம் என்று காட்டினார். எத்தனையோ சிறுநீரகங்கள் தப்பின.

முதுகு முறிந்த பின்னும் நீண்டகாலம் பயனுற வாழலாம் என்பதற்கு வேலூரில் சான்று உண்டு. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ல் சாலை விபத்தில் இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. விபத்துக்குப் பின் அவர் வாழ்ந்தது 32 ஆண்டுகள்.

பனையிலிருந்து விழுந்தவருக்கும் சாரத்திலிருந்து சரிந்த கொத்தனாருக்கும் ஸ்குரூ வைக்கும் வசதி இன்று பல ஊர்களில் இருக்கிறது. தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் தட்டுப்பாடு தொடங்குகிறது. வீடு திரும்புமுன் குடும்பத்தார் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியவை மூன்று: குழாய் செருகக் கற்றுத்தருபவர் யார், படுக்கைப் புண் வராமல் பார்ப்பது எப்படி, இவர் மறுபடி சம்பாதிக்க வழி என்ன? நீண்டகாலப் பலன் இந்த மூன்றின் விடையில்தான் இருக்கிறது.