பின்னல் குறிப்பும் நடுங்கும் விரல்களும்

எங்கள் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் திருப்பீடத் துகிலுக்குக் குரோஷே ஓரம் பின்னத் தொடங்கினார். பாதி வேலை முடியுமுன்னே இறைவனடி சேர்ந்தார். ஊசி, நூல், குறிப்புத் தாள் மூன்றும் ஓராண்டுக் காலம் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. ஒருநாள் அவருடைய மகள் அப்பெட்டியுடன் வந்து, "சாமி, இந்தத் தாளைப் பார்த்தாலே கை நடுங்குகிறது. ஒரு கண்ணி தவறினாலும் அம்மாவின் வேலை கெட்டுவிடும். வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்" என்றாள்.

எனக்குக் குருமட நாள்கள் நினைவுக்கு வந்தன. திருப்பலிப் பயிற்சியின்போது செந்நிற எழுத்தில் அச்சிட்ட விதிகளைக் கண்டு நான் நடுங்கியதுண்டு. அனைத்தையும் ஒருசேர நினைவில் ஏற்ற முயன்றதே அந்நடுக்கத்திற்குக் காரணம். ஆகவே பெட்டியை வாங்கிக்கொள்ளாமல், தையல் கற்பிக்கும் கன்னியர் ஒருவரிடம் அவளை அனுப்பினேன். அவர் கற்பித்ததை நம் இல்லத்துப் பெண்மக்களுக்கும் பயன்படுமென எழுதுகிறேன்.

இக்கலை நமக்குப் புதிதன்று. 1897-ஆம் ஆண்டு முளகுமூட்டுக்கு வந்த பெல்ஜிய நாட்டு அன்னை மேரி லூயிஸ் டி மீஸ்டரும் அவருடன் உழைத்த கன்னியரும் ஆதரவற்ற சிறுமியருக்கு லேஸ் பின்னல் கற்பித்தனர். அச்சிறு கைகளுக்கு இயன்றது நம் கைகளுக்கும் இயலும்.

முதலாவது, தாள் முழுவதையும் ஒரே மூச்சில் விளங்கிக்கொள்ள முயலாதீர்கள். நடப்பு வரிசையை மட்டும் விட்டு, ஏனையவற்றை ஓர் அட்டையால் மறைத்துவிடுங்கள். நட்சத்திரக் குறி அச்சமூட்டுவதன்று. அங்கிருந்து திரும்பச் செய்க என்பதே அதன் பொருள். 'ஆறின் மடங்கு, கூட்டல் இரண்டு' என்றிருந்தால், மூன்று முறை பின்னிப் பழக இருபது சங்கிலிக் கண்ணிகள் போதும்.

இரண்டாவது, குறிப்பு எந்நாட்டது என்று பாருங்கள். அமெரிக்கர் 'சிங்கிள் குரோஷே' என்பதையே பிரித்தானியர் 'டபுள் குரோஷே' என்பர். அமெரிக்கரின் 'டபுள்', பிரித்தானியரின் 'ட்ரெபிள்'. இவ்வேறுபாடு அறியாமல், தமக்கு அறிவில்லை என்று ஊசியைக் கீழே வைத்தவர் பலர்.

மூன்றாவது, மாதிரித் துண்டு ஒன்று பின்னி அளந்து பாருங்கள். 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி என்று குறிப்பு கூற, உங்கள் கையில் 25 விழுந்தால், 50 சென்டிமீட்டர் வரவேண்டிய ஸ்வெட்டரின் முன்பக்கம் 40-இல் நின்றுவிடும். கை இறுக்கமெனில் பெரிய ஊசியும், தளர்வெனில் சிறிய ஊசியும் கொள்க. அந்தப் பெண்ணின் கை தாயின் கையைவிட இறுக்கமானது. 1.25 மில்லிமீட்டர் ஊசிக்குப் பதில் 1.5 ஊசியைக் கொடுத்ததும் இருவர் பின்னலும் ஒத்துவந்தன.

நான்காவது, பிழையைத் திருத்த வழி உண்டு. வெட்டிய துணி மீண்டும் ஒட்டாது. பின்னிய நூலோ பிரித்தால் மீண்டும் நூலாகிவிடும். குரோஷேயில் திறந்திருப்பது ஒரே கண்ணி. அதில் ஓர் ஊக்கை மாட்டிவிட்டால் வேலை அவிழாது. இரட்டை ஊசிப் பின்னலில், சரியாக முடிந்த வரிசையின் கண்ணிகளுக்குள் வேறு நிற நூலொன்றைக் கோத்து வையுங்கள். பின்னர் பிழை நேர்ந்தால் அந்த நூல்வரை பிரித்தால் போதும். ஒவ்வொரு வரிசை முடிவிலும் கண்ணிகளை எண்ணுவது சிறந்த காவல்.

பழைய நூலில் சில வாரம் பழகிய பின்னரே அவள் தாயின் பின்னலைத் தொட்டாள். எண்ணிக்கொண்டே வருகையில் ஓரிடத்தில் கண்ணி ஒன்று குறைந்திருந்தது. தாயாரே அங்குத் தவறவிட்டு, அடுத்த வரிசையில் சேர்த்துச் சரிக்கட்டியிருந்தார்! "அம்மாவும் தவறியிருக்கிறார்கள், சாமி" என்று சிரித்தபடியே கண்ணீர் உகுத்தாள். அன்றோடு நடுக்கம் அகன்றது.

கடந்த உயிர்ப்புப் பெருவிழாவில் அத்துகில் எங்கள் பீடத்தை அணிசெய்தது. தாயின் பின்னல் எங்கே முடிகிறது, மகளுடையது எங்கே தொடங்குகிறது என்று நான் தேடினேன், கண்டுபிடிக்க இயலவில்லை. உங்கள் இல்லத்திலும் அத்தகைய பெட்டி ஏதேனும் மூடிக் கிடக்கிறதா? இன்று மாலை திறந்து, ஒரே ஒரு வரிசை பின்னிப் பாருங்கள்.