பாத்திரம் வேறு, பதார்த்தம் வேறு!



ப்ராஜெக்ட் டெமோவைத் திரையில் பதிவு செய்து, பென் டிரைவில் கொண்டுபோய் நீட்டுகிறோம். அங்குள்ள கம்ப்யூட்டரோ கைவிரித்து விடுகிறது. "நேத்து ராத்திரி நல்லா ஓடுச்சே சார்!" என்று விழிக்கிறோம். காரணம் என்ன?

எம்பி4, எம்கேவி, வெப்எம் என்பவை வெறும் தூக்குவாளிகள். உள்ளே இருக்கும் சோறுதான் கோடெக், அதாவது படத்தைச் சுருக்கும் முறை. வாளியின் பெயரை மாற்றினால் சோறு பிரியாணி ஆகிவிடாது! அந்தச் சோற்றைப் பிரிக்கத் தெரிந்த மென்பொருள் அங்கே இருக்க வேண்டும்.

2003-ல் வந்த எச்.264 எங்கும் ஓடும். ஆனால் காப்புரிமைகளோடு பிறந்தது. தியோரா, விபி8, விபி9, 2018-ல் வந்த ஏவி1 ஆகியவை திறந்த முறைகள். யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

நல்ல உதாரணம் மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டம். பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யா முன்னின்று நடத்திய இதில், லினக்ஸ் திரையை 'ரெக்கார்ட்மைடெஸ்க்டாப்' கொண்டு பதிவு செய்து, ஓஜிவி கோப்பாகத் தந்தார்கள். தமிழிலும் குரல் கொடுத்தார்கள். 2024-ல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் தியோராவைக் கைவிட்டன. அதற்காக அந்தப் பாடங்கள் செத்தா போயின? இல்லை! செய்முறை திறந்தே இருப்பதால் விஎல்சி இன்றும் ஓட்டும். எஃப்எஃப்எம்பெக் வேறு முறைக்கு மாற்றித் தரும்.

இன்னொரு பாடம் நான் பட்டது. நாற்பது நிமிஷம் பதிவு செய்துகொண்டிருந்தேன், கரண்ட் போயிற்று, ஃபைலும் போயிற்று! சாதாரண எம்பி4 தன் அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும். அதற்குள் நின்றால் திறக்காது. எம்கேவியில் அதுவரை பதிவானது பெரும்பாலும் தப்பிவிடும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள்: ஓபிஎஸ் ஸ்டூடியோவில் எம்கேவியாகப் பதியுங்கள். பாதுகாத்து வைக்கவும், இணையத்தில் ஏற்றவும் விபி9 வெப்எம் ஒரு பிரதி. ஆனால் மேக்கின் சஃபாரி வெப்எம்மை ஏற்றதே 2021-ல்தான். பழைய கருவிகள் தடுமாறும். எனவே அறியாத கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோக எச்.264 எம்பி4 இன்னொரு பிரதி. பதிவே எச்.264-ல் இருந்தால், ஓபிஎஸ்ஸின் 'ரீமக்ஸ்' வாளியை மட்டும் மாற்றும், தரம் குறையாது. திரையில் எழுத்துதானே அதிகம்? நொடிக்கு 15 படம் போதும், ஃபைலும் சிறுக்கும்.

முக்கியமாக, முந்தின நாளே வேறொரு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பாருங்கள். ஆறு மாத உழைப்பு, ஓடாத ஒரு ஃபைலால் வீணாகலாமா நண்பர்களே?